பதினேழாம் ஆளின் புதன்கிழமைகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை முழுவதும் ஒரு வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். எங்கள் கோயில் பங்குச் சனம் நள்ளிரவு தாண்டியும் தெருத்தெருவாக நடந்து திரிவதாக அது சொன்னது. கடைசியில் பார்த்தால் ஆய்வுக்காக அவர்கள் கையில் கட்டிய பட்டி வேறொரு நாட்டு நேரத்தில் எழுதுகிறது, நான் மொன்றியல் நேரம் என்று வாசிக்கிறேன். கத்தரின் சிரித்துவிட்டு, "முதல் மாதத்தில் எல்லோரும் விழும் குழி இது" என்றார். என் மேலதிகாரி நல்ல மனுசி. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.

யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படித்தேன் என்று சொன்னால் இங்கே யார் நம்புகிறார்கள். இங்கு வந்து ஆறு வருடம் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தேன். இப்போதுதான் இந்தப் பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது. நவம்பரில் நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் திரும்பவும் மூக்குத் துடைக்கப் போக வேண்டியதுதான்.

ஆய்வு பெரிய புதிர் ஒன்றுமில்லை. அறுபது தாண்டியவர்கள் கையில் ஒரு பட்டி கட்டியிருப்பார்கள். அது கை அசைவையும் நாடித்துடிப்பையும் எழுதிக்கொண்டே இருக்கும். எங்கள் பங்கிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது நான். என் கணவரின் அம்மா, மாமியும் அதில் ஒருவர். ஆனால் என்னிடம் வருவது எண்கள் மட்டும்தான். எந்த எண் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

என் மேசை யன்னலால் பார்த்தால் மலையில் சூசையப்பர் கோயில். ஓகஸ்டில் மாமி கேட்டார்: "உன்ர வேலைக்காக ஒன்பது புதன் முழங்காலில ஏறுறன் எண்டு நேர்த்தி வைக்கட்டே, பிள்ளை?" நடுவில் இருக்கிற மரப்படிகள் முழங்காலில் ஏறுபவர்களுக்கென்றே விட்டவை. படிக்கு ஒரு செபம். நான் சொன்னேன்: "வேலை முழங்காலால கிடைக்காது மாமி. உங்கட முழங்கால் கிடக்கிற கிடைக்கு அந்தப் பக்கமே போகாதேங்கோ."

"சரி பிள்ளை" என்று வெங்காயத்தை வெட்டத் தொடங்கிவிட்டார். மாமி இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பட்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தரவை இறக்கினேன். மாமி அதைக் காப்பு என்கிறார். இப்போது எல்லாருக்கும் அது காப்புத்தான்.

பத்திநாதர் ஐயா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கிழமை காணுமோ பிள்ளை? காணாட்டி இன்னும் ரெண்டு சுத்து நடந்திட்டுக் குடுக்கிறன்."

இது என்னுடைய சோதினை இல்லை, நீங்கள் வழமையாக இருக்கிறபடி இருந்தால் போதும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். பிறகு கையை நன்றாக வீசிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றத் தொடங்கினார். மாமியிடம் முறையிட்டால், "விடு பிள்ளை, எல்லாம் நீ பாஸ் பண்ணோணும் எண்டுதானே" என்கிறார். முழுப் பங்கும் எனக்காகச் சோதினை எழுதுகிறது. கணவர் டனிஸ்ரனிடம் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

செப்டம்பர் 17, புதன்

இன்று மாமிக்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமி பிறகு மூச்சு வாங்க வந்தார். ஞானாம்பிகை அன்ரியோடு கடைக்குப் போனாராம். அன்ரி மேல்மாடியில் இருக்கிறார். சைவம். இருந்தும் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்ததுகள் மாதிரி. பையில் ஒன்றும் இல்லை. எல்லாம் விலை கூடிப் போச்சாம்.

அறை முழுக்க நோவுக்குப் பூசும் சித்தாலேப வாசம். "நாரியோ முதுகோ நோகுதோ மாமி?" என்றேன். "ஓம் ஓம்" என்றார். நான் திரும்பக் கணினிக்குள் போய்விட்டேன். நாளைக்குக் கத்தரினுக்குக் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று படித்தது: குப்பையைக் கண்டுபிடிப்பது.

கத்தரின் சொன்ன விதி இதுதான். நடந்தால் கை அசையும், துடிப்பு ஏறும். கை அசையாமல் துடிப்பு மட்டும் ஏறினாலோ, அது ஒழுங்கில்லாமல் தாறுமாறாக வந்தாலோ பட்டி தளர்ந்திருக்கிறது. உள்ளே வெளிச்சம் புகுந்து பொய்த் துடிப்பு எழுதுகிறது. அந்தத் துண்டை வெட்டி எறி.

விதியை நானே கணினி நிரலாக எழுதினேன். முதல் தடவையிலேயே ஓடியது. இப்படி ஒரு சந்தோசம் எனக்கு எந்தக் காலத்தில் கடைசியாக வந்தது?

ஆகக்கூட வெட்டுப்பட்டவர் பதினேழாம் எண். மற்ற நாளெல்லாம் பரவாயில்லை, புதன்கிழமை பகலில் மட்டும் ஒரு நீளத் துண்டு முழுக் குப்பை. கை கிட்டத்தட்ட அசையவில்லை, துடிப்பு மட்டும் வெறி பிடித்த மாதிரி. புதனில் இவருக்கு என்ன வந்தது? பத்திநாதர் ஐயாவாக இருக்கும். புதனில் பட்டியைக் கழற்றி யாருக்காவது கட்டிவிடுகிறாரோ தெரியாது.

கத்தரினிடம் கேட்கலாம் என்று எழும்பினேன். ஏற்கெனவே இன்று நாலு தரம் போய்க் கேட்டாயிற்று. ஐந்தாம் தரம் போனால் என்ன நினைப்பார். உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிவில் பங்குச் சுவாமியாரிடம் அனுமதி கேட்டு அறிவித்தேன்: "சிலர் காப்பைத் தளர்த்திக் கட்டுறியள். தயவுசெய்து இறுக்கிக் கட்டுங்கோ." சனம் முழுக்கத் தன் தன் மணிக்கட்டைப் பார்த்தது.

அக்டோபர் 2, வியாழன்

பதினேழுக்குக் காது கேளாது போல. நேற்றுப் புதன், அதே குப்பை. வெட்டினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாமியின் மணிக்கட்டில் பட்டியின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. "ஏன் மாமி இவ்வளவு இறுக்கினீங்கள்?"

"நீதானே இறுக்கச் சொன்னனி. பிறகு என்னாலயே நீ பெயிலாகிறது?"

ஒரு துளை தளர்த்திவிட்டேன். மாமி கையை இழுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே திரும்ப இறுக்கினார். பிடிவாதம்.

டனிஸ்ரன் துறைமுக வேலையால் வந்து, அம்மா மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறா, கவனித்தாயா என்று கேட்டார். வயது, எடை, இந்தக் குளிர் என்றேன். குடும்ப வைத்தியருக்குப் பெயர் பதிந்து இரண்டு வருடம், இன்னும் கூப்பிடவில்லை. கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். என்னுடைய விளக்கவுரை இருபதாம் திகதி. அது முடியட்டும் என்றேன். அவரும் சரி என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

ஒரு படம்தான் எல்லாருக்கும் பிடித்தது. இடப்பக்கம் பதினேழாம் எண்ணின் தரவு, வெட்டுவதற்கு முன். வலப்பக்கம் வெட்டிய பின், துடைத்துவைத்த மாதிரி. ஒரு பகிடியும் விட்டேன்: "இவருக்குப் புதன்கிழமைகள் ஒத்துவருவதில்லை." என் பிரெஞ்சுக்கு இந்தக் கட்டடத்தில் சிரித்தது இதுவே முதல் தடவை. முடிவில் கத்தரின் கையைப் பிடித்து, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார்.

வீட்டில் மாமி றோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். செய்தியைச் சொன்னதும் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். "சூசையப்பர் கைவிடேல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "சூசையப்பரோ நிரல் எழுதினவர்?" என்றேன். மாமி கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டு இன்னொரு றோல்சைத் தட்டில் வைத்தார்.

அக்டோபர் 24, வெள்ளி

மாமி விழுந்திட்டா. குசினிக்குள்ள. ஞானாம்பிகை அன்ரிதான் கண்டு அம்புலன்சுக்கு அடிச்சவ. வலக்கை தொங்குது. வாய் ஒரு பக்கம் இழுத்திட்டுது. என்னைப் பாக்கிறா, ஏதோ சொல்ல வாறா, சத்தம் மட்டும்தான் வருகுது.

என்ன சொல்ல வாறீங்கள் மாமி?

அக்டோபர் 26, ஞாயிறு

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை ஒரு இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. கட்டி இதயத்திலிருந்து வந்தது. இதயம் ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது, அப்படித் துடித்தால் இரத்தம் தேங்கி உறையும், முன்னமே தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்திருக்கலாம். இளம் வைத்தியர், ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாகச் சொன்னார். எவ்வளவு காலமாக இப்படித் துடிக்கிறது, முன்பு எடுத்த பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

டனிஸ்ரன் என்னைப் பார்த்தார். தாதி கழற்றித் தந்த பட்டி ஒரு பொலித்தீன் பைக்குள் என் மடியில் கிடந்தது.

"நீ குடுத்த காப்பில ஒண்டும் காட்டேல்லையே?"

"அது அப்பிடிப் பாக்கிறேல்ல. ஆற்ற தரவு எண்டே எனக்குத் தெரியாது."

இரண்டும் உண்மை. ஒழுங்கில்லாமல் துடித்தல். இந்தச் சொற்களை நான் எங்கே எழுதினேன்?

அக்டோபர் 29, புதன்

ஞானாம்பிகை அன்ரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாமியின் காலடியில் இருந்து அழுதார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"இண்டைக்கு ஒன்பதாவது புதன், பிள்ளை. இண்டையோட முடிஞ்சிருக்கும்."

எனக்கு விளங்கவில்லை. அன்ரி சொல்லச் சொல்ல விளங்கியது. ஒவ்வொரு புதனும் நான் வேலைக்குப் போன பிறகு இரண்டு பேரும் பஸ்சும் மெத்றோவும் எடுத்து மலைக்குப் போயிருக்கிறார்கள். மாமி நடுப்படியில் முழங்காலில். அன்ரி பக்கத்துப் படியால் நடந்து, மாமியின் சப்பாத்தையும் பையையும் தூக்கிக்கொண்டு கூடவே. மாமி ஒரு கையால் கம்பியைப் பிடித்து, காப்புக் கட்டிய கையில் செபமாலையை வைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஏறுவாராம். கை அசையாது, விரல் மட்டும் மணி தள்ளும்.

"பாதியில நிண்டு மூச்சு வாங்குவா. விடுங்கோ இமெல்டா எண்டு எத்தினை தரம் சொன்னனான். பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகோணும் எண்டுவா. உனக்குச் சொல்லக் கூடாதெண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ."

கை அசையவில்லை. துடிப்பு ஏறியது. தாறுமாறாக.

பட்டி தளரவில்லை. ஒரு நாளும் தளரவில்லை. மணிக்கட்டில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நான் கண்ணால் கண்டேன்.

நான் மாமியின்ர இதயத்தைத் திரையில போட்டுக் காட்டிச் சனத்தைச் சிரிக்க வைச்சிருக்கிறன்.

அக்டோபர் 30, வியாழன்

பதினேழின் பதிவு வெள்ளி மத்தியானத்தோடு, மாமியின் பட்டியைத் தாதி கழற்றிய நேரத்தோடு, நிற்கிறது. பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தேன்.

கத்தரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூலத் தரவைத் திறந்து, எங்கள் குழுவிலுள்ள இதய வைத்தியரைக் கூப்பிட்டார். அவர் திரையருகே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இது குப்பை இல்லை" என்றார்.

அந்த விதியைத் தந்தது தான்தான் என்றார் கத்தரின். இந்த ஆய்வில் யாரும் அன்றன்றைக்கு ஆட்களைக் கண்காணிப்பதில்லை, நீ வெட்டாமல் விட்டிருந்தாலும் யாரும் அந்த எண்ணுக்குரியவரைத் தேடித் தொலைபேசி எடுத்திருக்கப் போவதில்லை என்றார். எல்லாம் சரி. நான் ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆனால் கத்தரினின் வீட்டில் சித்தாலேப வாசம் அடிக்கவில்லை. வெறும் பையோடு யாரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்கவில்லை. புதனில் இவருக்கு என்ன வந்தது என்று கேட்டு, பதிலுக்கு நில்லாமல் போனது அவரில்லை, நான். எழும்பின காலோடு போய் ஐந்தாம் தரமும் கேட்டிருந்தால் அவர் மூலத்தை அன்றைக்கே திறந்திருப்பார். அது செப்டம்பர். மாத்திரை போதுமாக இருந்த காலம்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று இறந்த விசுவாசிகளின் திருநாள். பூசைக்குப் போனேன். காப்புகளை இறக்கவில்லை, வேறு ஒருவரை வைத்துச் செய்யச் சொன்னேன். பத்திநாதர் ஐயா வந்து, "இமெல்டாவுக்காக எல்லாரும் மண்டாடுறம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னேரம் டனிஸ்ரனிடம் சொன்னேன். விதி, பதினேழு, பகிடி, எல்லாம். கார் தரிப்பிடத்தில், இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு இருந்தோம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னாலிருந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லேக்கையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இருபதாம் திகதி முடியட்டும் எண்டு நீ சொன்னனி. நானும் தலையாட்டினனான்."

பிறகு சொன்னார்: "அம்மாட்ட ஒருநாளும் சொல்லாத. உனக்காக ஏறினவ. அதை நீயே வெட்டி எறிஞ்சனி எண்டு அவவுக்குத் தெரியக் கூடாது."

மன்னிப்புக் கேட்கிற வழியும் அடைபட்டுவிட்டது. அவர் சொல்வது சரிதான்.

நவம்பர் 6, வியாழன்

கடிதம் வந்தது. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து நிரந்தரம். ஒப்பமிடாமல் மேசையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

மாமிக்குப் பேச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். இன்று மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

ஒப்பமிட்டேன். இந்த வேலையை விட்டெறிந்தால் மாமி ஏறின படிகளையும் சேர்த்தல்லவா எறிந்ததாகும்.

நவம்பர் 12, புதன்

லீவு போட்டேன். கத்தரின் காரணம் கேட்டார். முழங்காலில் ஏறுவது தரவில் எப்படித் தெரியும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது, நான் ஏறிப் பார்க்கப்போகிறேன் என்றேன். அவர் அலுமாரியிலிருந்து ஒரு புதுப் பட்டியை எடுத்துத் தந்தார். அவருக்குச் சொன்னது பாதிதான். ஒன்பதாவது புதன் பாக்கி இருக்கிறது.

ஞானாம்பிகை அன்ரி வந்தார். என் சப்பாத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்துப் படிக்குப் போனார். கேட்கவில்லை, வழமை போலச் செய்தார்.

மரம் ஈரம். முதல் பனி விழுந்து கரைந்திருந்தது. பத்துப் படிக்குள் முழங்காலுக்குள் ஆணி அடித்த மாதிரி. ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன், மாமியின் செபமாலை இருந்த கையை நெஞ்சோடு வைத்தேன். செபம் பாதியில் மறந்து மறந்து போனது, திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். முப்பத்தைந்து வயதுக்காரி எனக்கே பாதியில் நெஞ்சு அடித்தது. அறுபத்தெட்டு வயதில், அந்த இதயத்தோடு, எட்டுப் புதன்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் கட்டடம் கீழே தெரிந்தது. மாமி ஒவ்வொரு கிழமையும் அதைப் பார்த்திருப்பார். பிள்ளை உள்ளே இருந்து படிக்குது என்று அன்ரிக்குக் கைகாட்டுவாராம்.

உச்சியில் அன்ரி சப்பாத்தை எடுத்துத் தந்தார். "முடிஞ்சுது, பிள்ளை" என்றார். அவருடைய தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். ஒரு சுற்றுலாக் கூட்டம் விலகிப் போனது.

நவம்பர் 13, வியாழன்

நேற்றைய தரவை என்னுடைய விதிக்குள் போட்டேன். நான் மலைக்கு வந்து நின்றது இருக்கிறது. இறங்கிப் போனது இருக்கிறது. நடுவில் ஏறினது இல்லை. குப்பை என்று வெட்டிவிட்டது.

விதியை மாற்றி எழுதினேன். இனி எதையும் தானாக வெட்டாது. இப்படி ஒரு துண்டு வந்தால் குறித்து வைக்கும், அந்த எண்ணுக்குரியவரைக் கூப்பிட்டு அந்த நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லும், இதய வைத்தியருக்கும் அனுப்பும். ஆய்வுக்குழு ஒத்துக்கொண்டது. கேட்கும் வேலை எனக்கு. நானே கேட்டு வாங்கினேன்.

பதினேழின் எட்டுப் புதன்களையும் திரும்ப உள்ளே வைத்தேன். வைத்து என்ன.

நவம்பர் 14, வெள்ளி

வேலை முடிந்து நேரே மாமியிடம் போனேன். டனிஸ்ரன் வீட்டிலிருந்து மாமியின் சீப்பு, செபப் புத்தகம், சித்தாலேபப் பேணி எல்லாம் கொண்டுவந்து கட்டில் பக்கத்து மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.

வேலை நிரந்தரமான செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதிரையின் கையைப் பிடித்து, காலை நீட்டி, மெல்ல இருந்தேன். முழங்கால் இன்னும் மடிய மறுக்கிறது. வாய் திறக்க முன்னமே மாமி என் முழங்காலைப் பார்த்தார். பிறகு முகத்தை. திரும்ப முழங்காலை.

இடக்கையை நீட்டி லாச்சியை இழுத்தார். துழாவிப் பேணியை எடுத்தார். ஒரு கையால் மூடியைத் திறக்க முடியவில்லை, நெஞ்சில் வைத்து அழுத்திப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். திறந்து கொடுத்தேன். காற்சட்டையை மேலே சுருட்டச் சொல்லிச் சைகை. நாலு பேர் படுத்திருக்கும் அறை. சுருட்டினேன். இரண்டு முழங்காலும் கறுத்துப் போயிருந்தன.

மாமி விரலால் தொட்டெடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"ஒன்பதும் முடிஞ்சுது, மாமி. வேலையும் நிரந்தரமாக்கிட்டாங்கள்."

அவருடைய வாய் கோணி ஒரு சத்தம் வந்தது. ஓம் என்றுதான் கேட்டது எனக்கு. கண் முழுக்கச் சிரிப்பு.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

எதற்கு என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. கேட்டாலும் நான் சொல்ல முடியாது. மாமி தலையைக் குனிந்துகொண்டு மற்ற முழங்காலுக்கும் தேய்த்தார்.